ஆரோக்கிய சேதுவின் மூலக் குறிமுறை வெளியானதும் குவியும் புகார்களைப் பிரிப்பது எப்படி? மென்பொருள் குறைப்பதிவேடு ஒரு விளக்கம்

புது தில்லி: கொரோனா தொற்றுப் பரவலைக் கண்காணிப்பதற்காக மத்திய அரசு 2020 ஏப்ரல் 2-ஆம் தேதி அறிமுகப்படுத்திய 'ஆரோக்கிய சேது' செயலியின் மூலக் குறிமுறை, அதே ஆண்டு மே 26-ஆம் தேதி பொதுவெளியில் வைக்கப்பட்டது. அன்றைய நிலவரப்படி செயலியின் பயனாளர்கள் 11.4 கோடிக்கும் அதிகம். அவர்களில் ஏறத்தாழ 98 சதவீதத்தினர் ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருந்ததால், முதலில் அந்த வடிவத்தின் குறிமுறையே 'கிட்ஹப்' தளத்தில் வெளியிடப்பட்டது. மாற்றங்களை ஆய்வு செய்து ஏற்கும் பொறுப்பு, என்ஐசி எனப்படும் தேசிய தகவலியல் மையத்திடம் அளிக்கப்பட்டது.

குறிமுறையைத் திறந்து வைத்தால் புகார்களும் வந்து சேரும். அவற்றைப் பதிவு செய்யும் ஏடுதான் 'இஷ்யூ டிராக்கர்'. இச்சொல்லை மொழிபெயர்ப்பது எளிதன்று. பிழை, கோரிக்கை, ஐயம், ஆலோசனை ஆகிய நான்கையும் ஆங்கிலத்தில் 'இஷ்யூ' என்ற ஒரே சொல் தாங்குகிறது. தமிழில் 'சிக்கல்' என்றால் கோரிக்கை விடுபடுகிறது; 'புகார்' என்றால் ஐயம் விடுபடுகிறது. இக்கட்டுரையில் 'குறைப்பதிவு' என்ற சொல் பயன்படுத்தப்படுகிறது.

தமிழகத்தில் திங்கள்கிழமைதோறும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் இயக்கம் எளிதில் விளங்கும். மனுவுக்கு எண் வழங்கப்படுகிறது, உரிய துறைக்கு அனுப்பப்படுகிறது, முடிவு பதிவாகிறது. ஒரு வேறுபாடு உண்டு. பொதுவெளியில் உள்ள குறைப்பதிவேட்டில் எவருடைய மனுவையும் எவரும் படிக்கலாம், அதன் கீழ் கருத்தும் எழுதலாம்.

பதிவேட்டை ஒழுங்குபடுத்துவதில் முதன்மையான பணி வகைபிரித்தல் ஆகும். ஆரோக்கிய சேது போன்ற செயலியில் புளூடூத் இணையவில்லை என்று ஒருவரும், பேட்டரி விரைவில் தீர்கிறது என்று இன்னொருவரும், புதிய வசதி வேண்டும் என்று மற்றொருவரும் எழுதக்கூடும். மூன்றும் ஒரே வரிசையில் நின்றால், உண்மையான பிழை கோரிக்கைகளுக்கு அடியில் புதைந்துவிடும். இதைத் தவிர்க்கவே ஒவ்வொன்றுக்கும் 'லேபிள்' எனப்படும் அடையாளச் சீட்டு ஒட்டப்படுகிறது. ஒரே பிழையைப் பலர் எழுதியிருந்தால், ஒன்று மட்டும் நிலைநிறுத்தப்பட்டு, ஏனையவை அதனுடன் இணைத்து மூடப்படும்.

அடுத்து வருவது பிழையின் தீவிரத்தையும் அதைச் சரிசெய்வதன் அவசரத்தையும் பிரித்தறிவது. இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆரோக்கிய சேது 12 மொழிகளில் கிடைத்தது. அறிகுறிகளைக் கேட்டறியும் சுயமதிப்பீட்டுப் பகுதியில் ஒரு மொழியில் மட்டும் ஒரு வினா தவறாக மொழிபெயர்க்கப்பட்டதாகக் கொள்வோம். பொறியாளரின் பார்வையில் அது வெறும் எழுத்துத் திருத்தம், செயலி முடங்கவில்லை. ஆனால், அந்த மொழியினர் தவறான விடை அளித்தால், அவர்களுக்குத் தவறான இடர் நிலை காட்டப்படலாம். தீவிரம் குறைவாகத் தோன்றும் இத்தகைய பிழைக்கே அவசரம் மிகுதி. வகைபிரிப்போரிடையே அந்த மொழி அறிந்த ஒருவர் இல்லையெனில், இது வரிசையின் கடைசிக்குத் தள்ளப்படவே வாய்ப்பு அதிகம்.

பாதுகாப்புக் குறைபாடுகளுக்குத் தனி வழி வேண்டும். பொதுப் பதிவேட்டில் ஓட்டையை எழுதினால், சரிசெய்யப்படும் முன்பே தீய நோக்கமுடையோர் அதைப் படித்துவிடுவர். ஆகவே இவை தனியாகப் பெறப்பட்டு, திருத்தம் வெளியான பிறகே பகிரங்கமாக்கப்படுவது உலக வழக்கம். குறிமுறை வெளியாவதற்கு மூன்று வாரங்களுக்கு முன்பு, பிரான்ஸ் நாட்டுப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் ஆரோக்கிய சேதுவில் குறைபாடு இருப்பதாக ட்விட்டரில் தெரிவித்ததும், எவருடைய தனிப்பட்ட தகவலுக்கும் ஆபத்து இல்லை என்று அரசு மறுத்ததும் நினைவிருக்கலாம். குறிமுறையுடன் சேர்த்து, பிழை கண்டறிவோருக்கு ஒவ்வொரு பிரிவிலும் ரூ.1 லட்சம் வரை பரிசளிக்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது.

குறைப்பதிவை மூடுவதிலும் முறை உண்டு. 1998 முதல் 'பக்ஜில்லா' பதிவேட்டைப் பயன்படுத்திவரும் மோசில்லா அமைப்பு, 2014-இல் 10 லட்சமாவது பதிவைக் கடந்தது. அதில் 'சரிசெய்யப்பட்டது', 'ஏற்கெனவே உள்ளது' என்பவற்றுடன் 'சரிசெய்யப்படாது' என்ற முடிவும் உண்டு. கடுமையாகத் தோன்றினும், காரணத்துடன் கூடிய மறுப்பு, பதிலே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் திறந்து கிடப்பதைவிட மனுதாரருக்கு மேலானது.

சில குறைகள் பதிவேட்டின் எல்லைக்கே அப்பாற்பட்டவை. திரட்டப்படும் தகவல் சர்வரில் எவ்வாறு கையாளப்படுகிறது என்ற கேள்விக்குக் கைப்பேசிக் குறிமுறையில் முழு விடை கிடையாது. சர்வர் பகுதியின் குறிமுறை அதே ஆண்டு நவம்பரில்தான், அரசின் 'ஓப்பன்ஃபோர்ஜ்' தளத்தில் வெளியானது. அரசுச் செயலிகளின் குறிமுறையைத் திறந்து கூட்டாக மேம்படுத்துவதற்கான கொள்கை 2015-லேயே வகுக்கப்பட்டிருந்தது.

குறைப்பதிவு எழுத விரும்பும் வாசகர்கள், ஏற்கெனவே அது பதிவாகியுள்ளதா என முதலில் தேடிப் பார்க்கலாம். கைப்பேசியின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, செயலியின் பதிப்பு, எந்தப் பொத்தானை அழுத்தியபின் என்ன நேர்ந்தது, என்ன நேர்ந்திருக்க வேண்டும் என்பவற்றை வரிசையாகக் குறிப்பிடுவது அவசியம். திரைப்படம் எடுத்து இணைப்போர், அதில் தெரியும் தொலைபேசி எண்ணையும் பெயரையும் மறைத்துவிட வேண்டும். பதிவேட்டை எவரும் காண முடியும்.