முகவரியும் வாக்கும்: கோவை நாடாளுமன்றத் தொகுதியை உக்கடத்திலிருந்து பார்த்தல்

(அண்ணல் அம்பேத்கர் நினைவு நாளையொட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



டிசம்பர் 6 அன்று உக்கடத்தில் கூட்டம் போடுவது எளிதல்ல. பேருந்து நிலையத்திலும் கோட்டைமேட்டிலும் காவலர்கள் நிற்பார்கள், வண்டிகளைச் சோதிப்பார்கள். பாபாசாகேப் மறைந்த நாளும் பாபர் மசூதி இடிக்கப்பட்ட நாளும் ஒன்றாகிப்போனதால் வந்த நிலை இது. இந்த ஊரின் வாக்கு வரலாற்றைப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் இல்லை.

1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார். அரசியலில் எல்லோருக்கும் ஒரு வாக்கு, ஒவ்வொரு வாக்குக்கும் ஒரே மதிப்பு. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் அந்தச் சம மதிப்பு கிடையாது. இதைச் சீக்கிரம் தீர்க்காவிட்டால் சனநாயகமே நிலைக்காது என்று எச்சரித்தார். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் தொகுதியைப் பார்ப்போம்.

வாக்களிக்காமல் தொடங்கிய வரலாறு

1951-52-ல் நாட்டின் முதல் பொதுத் தேர்தல். சொத்து, படிப்பு எதுவும் கேட்காமல் வயது வந்த எல்லோருக்கும் வாக்கு. ஆனால் கோவை நாடாளுமன்றத் தொகுதியில் போட்டியே இல்லை. காங்கிரஸ்காரரும் அரசியல் நிர்ணய சபையில் இருந்தவருமான டி.ஏ. இராமலிங்கம் செட்டியார் போட்டியின்றித் தேர்வானார். வாக்குரிமை கிடைத்த நம் தாத்தா பாட்டிகள், அந்தப் பொதுத் தேர்தலில் நாடாளுமன்றத்துக்கு ஒரு சீட்டுகூடப் போடவில்லை.

போட்டி வந்ததும் நிலைமை மாறியது. 1957-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பார்வதி கிருஷ்ணன் வென்றார். இதற்குப் பின்னால் பஞ்சாலைகள் இருந்தன. பைக்காரா மின்சாரம் வந்த 1930-களில் மில்கள் பெருகின. 1946 ஜனவரியில் சின்னியம்பாளையத்து மில் தொழிலாளிகள் நால்வர் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் ஸ்டேன்ஸ் மில் வாசலில் துப்பாக்கிச் சூடு நடந்தது. தேர்தல் வருவதற்கு முன்பே சங்கம் வேர் பிடித்திருந்தது.

1967-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் கே. இரமணி வென்றார். 1971-ல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம். 1973-ல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு இடைத்தேர்தலிலும், தொடர்ந்து 1977-லும் மீண்டும் பார்வதி கிருஷ்ணன்.

இதுவரை நடந்த 18 பொதுத் தேர்தல்களைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகளும் சேர்ந்து 7, காங்கிரஸ் 5, தி.மு.க. 3, பா.ஜ.க. 2, அ.தி.மு.க. 1. தமிழ்நாட்டில் இப்படி ஒரு கணக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காது.

'செங்கோட்டை', 'காவிக்கோட்டை'

1997 நவம்பர் கடைசியில் உக்கடத்தில் போக்குவரத்துக் காவலர் ஒருவர் கொல்லப்பட்டார். அதைத் தொடர்ந்த வன்முறையிலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் உயிரிழந்தார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுவெடிப்பில் 58 பேர் உயிரிழந்தார்கள். அந்தப் பொதுத் தேர்தலில் பா.ஜ.க.வின் சி.பி. இராதாகிருஷ்ணன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். 1999-லும் அவரே.

உடனே 'செங்கோட்டை காவிக்கோட்டை ஆகிவிட்டது' என்று எழுதினார்கள். ஆனால் 2004-ல் அவரைத் தோற்கடித்து இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன் வென்றார். கோட்டை ஐந்தாண்டில் எங்கே போனது?

விடை கூட்டணியில் இருக்கிறது. 1998-ல் பா.ஜ.க.வுக்குத் தோள் கொடுத்தது அ.தி.மு.க., 1999-ல் தி.மு.க. மார்க்சிஸ்ட் கட்சியின் பி.ஆர். நடராஜன் 2009-ல் வென்றது அ.தி.மு.க. அணியில், 2019-ல் வென்றது தி.மு.க. அணியில். சிவப்போ காவியோ, இரண்டு திராவிடக் கட்சிகளில் ஒன்றின் தோளில் ஏறித்தான் டெல்லிக்குப் போயிருக்கின்றன.

அதற்காக எதுவும் மாறவில்லை என்று சொல்ல முடியாது. பா.ஜ.க. பெற்ற வாக்குகளைப் பாருங்கள். 2014-ல் இரண்டு பெரிய திராவிடக் கட்சிகளும் இல்லாமல் 3,89,701. 2019-ல் அ.தி.மு.க.வுடன் சேர்ந்தும் 3,92,007. 2024-ல் மறுபடி அ.தி.மு.க. இல்லாமல் 4,50,132. மூன்று முறையும் பதிவான வாக்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. இந்த அடித்தளம் தோள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்கிறது. 2024-ல் தி.மு.க.வின் கணபதி ப. ராஜ்குமார் 1,18,068 வாக்குகள் வித்தியாசத்தில் வென்ற மகிழ்ச்சியில் நாம் இதை மறந்துவிடக் கூடாது.

மில் வாசலில் ஒன்றாக நின்ற கூட்டம் கலைந்துவிட்டது. கோவையிலுள்ள தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் மூடியவை, அதன்பின் வழக்கம்போல் ஓடவே இல்லை. சங்கத்தின் வழியாக அரசியலுக்கு வந்தவருடைய பேரன், இன்று சாதிச் சங்கத்தின் வழியாகவோ மத ஊர்வலத்தின் வழியாகவோ வருகிறான். சங்கமும் கூலிக்காகச் சேர்த்ததே தவிர, சேரிக்குப் பட்டா கேட்பதைக் கடைசி வரிசையில்தான் வைத்தது. இந்தத் தன்விமர்சனம் இல்லாமல் பழைய பெருமை மட்டும் பேசிப் பயனில்லை.

2009 சொன்ன பாடம்

2009-ல் அருந்ததியருக்கு, பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டுக்குள் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு சட்டமானது. அதே ஆண்டு கொங்குநாடு முன்னேற்றப் பேரவை பிறந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்த வேண்டும் என்ற குரல் எங்கிருந்து வந்ததோ, அங்கிருந்து எழுந்த கட்சி அது. அதன் வேட்பாளர் கோவையில் நின்று ஒன்றேகால் லட்சம் வாக்குகளுக்கு மேல் வாங்கினார். வென்றவரின் வித்தியாசமோ 38,664. அதன்பின் பெரிய கட்சிகள் அந்தச் சமூகத்தின் கதவைத் தட்டின.

நம் சமூகமும் எண்ணிக்கையில் சிறியதல்ல. பிறகு நம் கதவை ஏன் தட்டவில்லை? அவர்கள் வாக்கு ஒரு மூட்டையாகத் தெரிந்தது. நம் வாக்கு சிதறிக் கிடந்தது. இதற்கு உட்சாதிப் பிரிவு மட்டும் காரணமல்ல. இன்னொரு காரணத்தை நாம் கவனிப்பதே இல்லை.

இடிபட்ட வீடும் எல்லைக்கோடும்

2008 மறுசீரமைப்புக்குப் பிறகு கோவை நாடாளுமன்றத் தொகுதியில் கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர், கவுண்டம்பாளையம், சூலூர், பல்லடம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. தொண்டாமுத்தூரும் கிணத்துக்கடவும் பொள்ளாச்சியில் சேர்ந்தன. கோவை எப்போதும் பொதுத் தொகுதி. அதுவரை தனித்தொகுதியாக இருந்த பொள்ளாச்சியும் பொதுத் தொகுதியானது, நீலகிரி தனித்தொகுதியானது.

இப்போது ஊரைப் பாருங்கள். முத்தண்ணன் குளக்கரை உள்ளிட்ட நீர்நிலை ஓரங்களில் இருந்த குடும்பங்களை வெள்ளலூர், மலுமிச்சம்பட்டி, கீரணத்தம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். வெள்ளலூருக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் போனவர் கிணத்துக்கடவு வாக்காளர். அதாவது பொள்ளாச்சித் தொகுதிக்காரர். காலையில் வேலைக்கு வருவது கோவை மாநகருக்கு, வாக்களிப்பது வேறொரு எம்.பி.க்கு. பெயரை மாற்றாமல் விட்டவர் பழைய பட்டியலில் 'இடம் பெயர்ந்தவர்' என்று நீக்கப்படுவார். புதிய இடத்திலும் பெயர் இருக்காது.

மேம்பாலப் பணிக்காக உக்கடம் சி.எம்.சி. காலனி வீடுகள் இடிபட்டபோது, நம் தூய்மைப் பணியாளர்கள் அதே இடத்தில்தான் வீடு வேண்டும் என்று போராடினார்கள். விடியும் முன்னே வேலைக்கு நிற்க வேண்டியவர்கள் கேட்ட நியாயமான கோரிக்கை அது. அவர்கள் காத்தது வேலையை மட்டுமல்ல, ஒரே சாவடியில் சேர்ந்து நிற்கும் தங்கள் வாக்கையும்தான். முகவரியை உடைத்தால் வாக்கும் உடையும்.

நாம் செய்ய வேண்டியது

மாணவர்களுக்கு ஒரு வேலை. தேர்தலுக்குப் பின் 'படிவம் 20' என்ற வாக்குச்சாவடி வாரியான முடிவு வெளியிடப்படுகிறது. உங்கள் தெருவின் சாவடி எண்ணைக் கண்டுபிடித்து, 2014, 2019, 2024 முடிவுகளை வரிசையாக வையுங்கள். எண்களும் எல்லைகளும் மாறியிருக்கும், ஒப்பிடும்முன் சரிபாருங்கள். 'தலித் வாக்கு அங்கே போனது, இங்கே போனது' என்று தொலைக்காட்சியில் அடித்துப் பேசுகிறவர்களுக்கு அப்போது நம்மிடம் பதில் இருக்கும்.

இந்தப் படிவத்துக்கு ஓர் ஆபத்தான பக்கமும் உண்டு. எந்தத் தெரு யாருக்குப் போட்டது என்று கட்சிக்காரர்களுக்கும் தெரிந்துவிடும். ஊரும் சேரியும் தனித்தனிச் சாவடியாக இருக்கும் கிராமத்தில் அது பழிவாங்கும் கருவியாகலாம். பல சாவடிகளின் வாக்குகளைக் கலந்து எண்ணும் முறையைத் தேர்தல் ஆணையம் 2008-லேயே முன்மொழிந்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. இதுவும் நம் கோரிக்கையாக வேண்டும்.

செயற்பாட்டாளர்களுக்கு ஒரு வேலை. குடிபெயர்த்தப்பட்ட ஒவ்வொரு அடுக்குமாடியிலும் வாக்காளர் பட்டியலோடு மாடி மாடியாக ஏறுங்கள். முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேர்க்கப் படிவம் 6. தேர்தல் அறிவித்த பிறகு ஓடாதீர்கள். வீடு இடிக்க நோட்டீஸ் வருகிற அன்றே பட்டியலையும் கையில் எடுங்கள்.

அண்ணல் 1952-லும் 1954-லும் நாடாளுமன்றத் தேர்தலில் தோற்றார். வாக்கின் மீது வைத்த நம்பிக்கையை விடவில்லை. 'ஒரு வாக்கு' என்பதைச் சட்டத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதற்கு 'ஒரு மதிப்பு' வாங்கித் தரும் பாதி வேலை நம்மிடம் இருக்கிறது. அதை வெள்ளலூர் அடுக்குமாடியின் படிக்கட்டில் தொடங்குவோம்.

ஜெய்பீம்.