உங்கள் உயிருக்கு யார் பிரீமியம் கட்டுகிறார்?

2025 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் சம்பல் மாவட்டப் போலீஸார் ஒரு கும்பலை வளைத்தபோது, விபரீதமான வியாபாரம் ஒன்று அம்பலமானது. மரணப் படுக்கையில் இருக்கும் ஏழை நோயாளிகளைத் தேடிப் பிடிப்பது, ஆவணங்களை வாங்கிக்கொள்வது, நோயை மறைத்து அவர்கள் பெயரில் ஆயுள் காப்பீடு எடுப்பது, ஆள் போனதும் பணத்தைச் சுருட்டுவது. பணத்துக்காகக் கொலைகளும் நடந்தன என்கிறது போலீஸ்.

அடுத்தவர் உயிர் மீது பணம் கட்டும் ஆசை புதிதல்ல. பிரிட்டனில் அது சூதாட்டமாகவே முற்றிப்போக, 1774ல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். ஒருவர் இறந்தால் உங்களுக்கு நிஜமாகவே நஷ்டம் என்றால்தான் அவர் பெயரில் பாலிசி எடுக்கலாம். இந்தியாவிலும் இதுதான் கொள்கை. கணவன் மனைவிக்கு எடுக்கலாம். முதலாளி ஊழியருக்கு எடுக்கலாம். கடன் கொடுத்தவர் கடனாளிக்கு எடுக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் எடுக்க முடியாது. வயது வந்தவர் என்றால் அவர் கையெழுத்தும் வேண்டும். சிக்கல் அங்கேதான். எதற்கென்றே தெரியாமல் போடும் கையெழுத்தும் கையெழுத்துதான்.

சரி, நம் பெயரில் பாலிசி இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எல்லா நிறுவனங்களின் பாலிசிகளையும் ஒரே இடத்தில் பொதுமக்கள் புரட்டிப் பார்க்கும் பதிவேடு கிடையாது. துண்டு துண்டாகத்தான் தேட வேண்டும்.

முதலில் வங்கி பாஸ்புக். மே மாதக் கடைசியையொட்டி 436 ரூபாய் பிடித்திருந்தால், அது பெரும்பாலும் பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டம். காப்பீடு 2 லட்ச ரூபாய். கையெழுத்துப் போட்டதை மறந்தவர்கள் ஏராளம். அடுத்து கடன் பத்திரங்கள்: வீட்டுக் கடனோடு சேர்த்து ஒரு பாலிசியும் தலையில் கட்டப்பட்டிருக்கலாம். பிறகு அலுவலகம்: குரூப் இன்ஷூரன்ஸ் உண்டா, நாமினி யார் என்று கேளுங்கள். இவையெல்லாம் பெரும்பாலும் உங்கள் குடும்பத்துக்கு உதவுபவை; பயப்பட வேண்டாம்.

சந்தேகம் வலுத்தால், பெயர், பிறந்த தேதி, பான் எண்ணுடன் அந்தந்த நிறுவனத்துக்கு எழுத்து மூலம் கேளுங்கள். பாலிசி உங்கள் உயிர் மீது என்றால், விண்ணப்பத்தில் இருப்பது யாருடைய கையெழுத்து, யாருடைய போன் நம்பர் என்பதையும் கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத நம்பர் என்றால் அது அபாய மணி. பதில் திருப்தி தராவிட்டால், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் ‘பீமா பரோசா’வில் புகார் செய்யலாம், தொலைபேசி 155255. போலிக் கையெழுத்து என்றால் போலீஸிலும் புகார் கொடுங்கள்.

தாமதம் கூடாது. இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45வது பிரிவுப்படி, பாலிசி தொடங்கி 3 ஆண்டுகள் கடந்துவிட்டால் எந்தக் காரணம் காட்டியும் நிறுவனம் அதைக் கேள்வி கேட்க முடியாது. நேர்மையான குடும்பங்களை அலைக்கழிப்பிலிருந்து காக்க வந்த விதி இது. ஆனால் பொறுமையான மோசடிக்காரருக்கும் அது நிழல் தரும். கேட்க வேண்டிய கேள்வியை, பதில் கேட்க நீங்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.