ஒரே கூட்டில் எல்லாக் கிளியுமா?

கம்பளைச் சுற்றுவட்டாரத்தில் நான் வேலை நிமித்தம் போய்வரும் வீடுகள் சிலவற்றில், தையல் மெஷினுக்கும் கோழிக்கூட்டுக்கும் அடுத்தபடியாக லவ் பேர்ட்ஸ் கூடும் இடம்பிடித்திருக்கிறது. 1977, 1983 வன்செயல்களுக்குப் பயந்து இங்கிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய், 2009இல் யுத்தம் முடிந்தபின் வெறுங்கையோடு உறவினர்களிடம் திரும்பி வந்த சகோதரிகளும் இதைச் செய்கிறார்கள். காணி தேவையில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு செய்யலாம். குஞ்சுகளை விற்றால் கைச்செலவுக்காவது ஆகும்.

சிக்கல் தொடங்குவது, இரண்டாவது வகைப் பறவையை வாங்கும்போதுதான். இன்னொரு கூட்டுக்குக் காசு ஏது? உள்ள கூட்டிலேயே விட்டுவிடுகிறோம்.

கணவனை இழந்த ஓர் அக்கா, சீட்டுக்காசில் ஒரு கொக்கட்டியல் சோடி வாங்கினார். "எல்லாம் கிளிச்சாதிதானே தங்கச்சி, ஒன்றாக இருக்கட்டும்" என்று லவ் பேர்ட்ஸோடு சேர்த்துவிட்டார். பெரிய பறவை சின்னதைக் கொத்திவிடுமோ என்பதுதான் அவருடைய பயம். நடந்தது நேர்மாறு. சின்னதுகள் கூட்டமாகச் சேர்ந்து கொக்கட்டியலின் கொண்டையைப் பிடுங்கின, தீன் கோப்பைப் பக்கம் வரவிடாமல் துரத்தின. நான் பார்க்கப்போனபோது பெட்டை மூலையில் ஒடுங்கியிருந்தது. கையில் எடுத்தால் நெஞ்செலும்பு தட்டுப்பட்டது. அந்தச் சோடி செத்திருந்தால் அவருடைய பல மாதச் சேமிப்பும் போயிருக்கும்.

கொக்கட்டியல் சாதுவான பறவை. இடம் தாராளமாக இருந்தால் லவ் பேர்ட்ஸோடு ஒத்துப்போகலாம். ஆனால் இரண்டு மூன்று இடத்தில் தீனும் தண்ணீரும் வைக்க வேண்டும். ஒரே கோப்பை வைத்தால் பலமுள்ளது காவல் நிற்கும்.

பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. நாம் லவ் பேர்ட்ஸ் என்று சொல்வது உண்மையில் அவுஸ்திரேலியாவின் பட்ஜரிகர். 1840இல் ஜோன் கூல்ட் என்பவர் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து உலகெங்கும் பரவியது. நிஜமான லவ் பேர்ட்ஸ் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. வால் குட்டை, சொண்டு தடிப்பு. பெயர் ஒன்றுதானே என்று இரண்டையும் சேர்த்துவிடாதீர்கள். ஆபிரிக்கப் பறவை மற்றதன் கால்விரலைக் கடித்துத் துண்டாக்கிவிடும். பச்சைக்கிளியையும் இந்தச் சின்னதுகளோடு விடக்கூடாது. அது விளையாட்டாகக் கடித்தாலும் சின்னதன் உயிர் போகலாம்.

(காட்டுக்கிளியைப் பிடித்து வளர்க்கும் எண்ணமே வேண்டாம். கண்டி உடவத்தகெல்ல காட்டிலே காணப்படும், சாம்பல் தலையும் பச்சைக் கழுத்து வளையமும் உள்ள கிளி இலங்கைக்கே உரியது. சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.)

புதுக்கூடு வாங்க வசதியில்லாவிட்டால், உள்ள கூட்டை நடுவால் மறியுங்கள். ஒரு வலை மட்டும் அடித்தால் அதனூடாகவே விரலைக் கடிக்கும். ஆகவே அரை அங்குலக் கண்ணுள்ள வலை இரண்டை, நடுவில் இரண்டு அங்குலம் விட்டு அடிக்க வேண்டும். புது வலையில் உள்ள நாகப்பூச்சு பறவைக்கு நஞ்சு. விநாகிரி போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்தபின் பாவியுங்கள். அந்த அக்கா அப்படித்தான் மறித்தார். தச்சுவேலைக்குத் தம்பிமுறையான ஒருவர் உதவினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை, அவ்வளவுதான்.

முட்டையிடும் காலத்தில் ஒரே வகைக்குள்ளும் சண்டை வரும். பெட்டைகள் முட்டிக்காக அடிபடும், மற்றதன் குஞ்சைக் கொல்வதும் உண்டு. சோடிகளின் எண்ணிக்கையைவிடக் கூடுதலாக மண் முட்டி கட்டுங்கள், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என்றால் எல்லாமே மேலதற்குத்தான் போட்டி போடும்.

மைசூரில் உள்ள சுகவனத்தில் 468 வகைப் பறவைகள் இருப்பதாக 2017இல் கின்னஸ் சாதனை பதிவானது. அங்கே முடிகிறதே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: அது பெரும் இடம், வேலைக்கு ஆட்களும் உண்டு. நம்முடையது விறாந்தையில் நான்கடிக் கூடு.

சண்டையைவிட நான் பயப்படுவது நோய்க்கு. புதுப்பறவையைக் குறைந்தது 30 நாள், முடிந்தால் 45 நாள், வேறு அறையில் வையுங்கள். பழைய பறவைகளுக்கு முதலில் தீன் வைத்து, புதியதைக் கடைசியாகப் பார்த்து, சவர்க்காரம் போட்டுக் கைகழுவுங்கள். கிளிக்காய்ச்சல் என்ற நோய் பறவையிலிருந்து மனிதருக்கும் தொற்றும். 1929-30இல் இறக்குமதிக் கிளிகளால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் அது பரவி உயிர்களைக் குடித்தது. இன்று மருந்துண்டு. ஆனால் காய்ச்சல், தலையிடி, வறட்டு இருமல் என்று டொக்டரிடம் போனால் வீட்டில் பறவை இருப்பதையும் சொல்லுங்கள், அவராகக் கேட்கமாட்டார். காய்ந்த எச்சத்தை அப்படியே கூட்டினால் தூசி மூக்கில் ஏறும், தண்ணீர் தெளித்துவிட்டுத் துடையுங்கள். கர்ப்பிணிகள் இந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

பறவை சிறகை உப்பவைத்துக்கொண்டு தீன் தின்னாமல் இருந்தால் அன்றைக்கே பிரித்து வையுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை கம்பளையிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில்தான் இருக்கிறது. போகும்போது பறவையைக் காற்றோட்டமுள்ள சின்னப் பெட்டியில் வைத்து, குளிர் படாமல் துணியால் மூடிக் கொண்டுபோங்கள். கூட்டின் அடியில் விரித்த கடதாசியையும் மடித்து எடுத்துப்போங்கள். எச்சத்தைப் பார்த்தால் வைத்தியருக்குப் பாதி விளங்கும்.