பித்தளைக் கூம்பின் பிறப்புச் சான்று

சேலத்துக்குக் கிழக்கே அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடிப் பக்கம் முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்களைக் கடந்து போகிறவர்களுக்குத் தெரியும்: இன்று தவிலோடு சேர்ந்து ஒலிப்பது பல இடங்களில் சாக்ஸபோன். இதற்கு வழி திறந்தவர் கத்ரி கோபால்நாத். நாதஸ்வர வித்வானின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் இந்தக் கருவியைக் கேட்டு மயங்கினார். பல ஆண்டு சாதகத்துக்குப் பிறகு, சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பாடம் கேட்டு, சாக்ஸபோனைக் கர்நாடக சங்கீத மேடையில் உட்காரவைத்தார். 1994-இல் ‘டூயட்’ படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான் இசையில் அவர் வாசித்தது, கச்சேரிக்கே போகாதவர் வீட்டுக்குள்ளும் அந்த நாதத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

வாசிக்கிறவர்கள் பெருகினால் பழைய கருவிகளைத் தேடுகிறவர்களும் பெருகுவார்கள். “அசல் செல்மர், அந்தக் காலத்துச் சரக்கு” என்று சொல்லி ஒரு பெட்டியைத் திறந்து காட்டும்போது, எதைப் பார்த்து நம்புவது, எதைப் பார்த்துச் சந்தேகப்படுவது? பெரும்பாலோர் பெயரையும் எண்ணையும் பார்க்கிறார்கள். பொய் சொல்ல மிக வசதியான இடங்கள் அவை இரண்டும்தான்.

பாரிஸ் செல்மர் நிறுவனம் 1954-இல் மார்க் 6 என்ற மாதிரியைக் கொண்டுவந்து, எழுபதுகளின் நடுப்பகுதி வரை ஆல்டோ, டெனார் வகைகளைச் செய்தது. உலகத்தில் அதிகம் தேடப்படும் பழைய சாக்ஸபோன் இதுதான். அதிலும் வரிசை எண் ஐந்து இலக்கத்தில் இருந்தால், அதாவது ஏறத்தாழ 1962-க்கு முன் செய்ததாக இருந்தால், விலை தனி. ஆறு இலக்கக் கருவிகளில் அருமையானவை எத்தனையோ உண்டு. ஆனாலும் சந்தைக்கு அந்த ஓர் இலக்கத்தின்மேல் அப்படியொரு மோகம். எண்ணைத் திருத்துவதற்கு இதைவிட வேறு தூண்டுதல் வேண்டியதில்லை.

திருத்தியதைக் கண்டுபிடிக்கலாம். எண்ணைச் சுத்தியலால் அடித்துப் பதிக்கும்போது அச்சுக்கு அடியிலுள்ள பித்தளை ஒதுங்கி ஓரங்களில் மெல்லிய வரப்பாக எழும். பழைய எண்ணை ராவி எடுத்துவிட்டுப் புதிதாக அடித்தால், அந்த இடம் மட்டும் வளைவு குறைந்து தட்டையாகும், தகடும் மெலியும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் கருவியை மெதுவாகத் திருப்பினால் ஒளிக்கோடு அங்கே நெளியும். பூவேலைப் பொறிப்பும் அப்படித்தான். கைதேர்ந்தவர் உளியை ஆட்டி ஆட்டி நகர்த்தும்போது கோடு நுண்ணிய வளைசல்களாக விழும்; ஆழம் ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். அமிலத்தாலோ லேசராலோ பொறித்தது ஒரே ஆழத்தில், உயிரில்லாமல் கிடக்கும். ஆனால் பொறிப்பு மழுங்கியிருப்பதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. எப்போதோ ஒருவர் பழைய லேக்கர் பூச்சை உரித்து, பஃபிங் சக்கரத்தில் கொடுத்து மெருகேற்றி, மறுபடி பூசியிருப்பார். அது அசல்தான், மேல்தோல் மட்டும் மாறிய அசல்.

முதுமையையும் போலியாகச் செய்கிறார்கள். அம்மோனியா ஆவியில் வைத்தால் பித்தளை சில நாளிலேயே பல காலத்துக் கருமையை அடைந்துவிடும். கருமையின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது விழுந்திருக்கும் இடத்தைப் பாருங்கள். வாசிப்பவரின் வலது கட்டைவிரல், இடது உள்ளங்கை, தொடையில் படும் பக்கம் ஆகிய இடங்களில்தான் வியர்வை லேக்கரைத் தின்னும். சாவிக் காவல் வளையங்களுக்கு அடியிலும், சாவிகளைத் தாங்கும் தடிகளுக்குப் பின்னாலும் கை போகாது. அங்கே பழைய லேக்கர் மிஞ்சியிருக்கும், அதன்மேல் கெட்டித்த எண்ணெயும் தூசியும் இருக்கும். எல்லா இடமும் ஒரே சீராகக் கறுத்த கருவி யார் கையிலும் கிழடாகவில்லை. இன்னோர் அடையாளம், பித்தளையில் ஆங்காங்கே தோன்றும் இளஞ்சிவப்புப் புள்ளிகள். ஈரத்திலும் உப்பிலும் துத்தநாகம் கரைந்து வெளியேற, செம்பு மட்டும் தங்குவதால் வரும் நோய் அது.

இவையெல்லாம் மேற்பரப்பின் சாட்சிகள். இவற்றைவிட எனக்கு நம்பிக்கை தருவது குழலின் வடிவம். பெயரைப் பொறிப்பவரால் பொறிக்க முடியாதது அது.

சாக்ஸபோன் ஒரு கூம்பு. நாதஸ்வரமும் கூம்பு. உலவு எனும் அதன் குழல் மேல்முனையில் ஒடுங்கி, அணசு எனும் அடிவாயை நோக்கி விரிகிறது. சீவாளியில் ஊதும் நாதஸ்வரக்காரர் அதே விரல்வைப்பில் அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி, அதாவது சரியாக எட்டாவது ஸ்வரம், கிடைக்கிறது. சாக்ஸபோனிலும் அதுவே. உருளை வடிவக் கிளாரினெட்டில் அப்படி ஊதினால் எட்டாவது வராது, பன்னிரண்டாவது ஸ்வரத்துக்குத் தாவிவிடும். ஒரு முனை மூடிய உருளையில் காற்றுத்தூண் ஒற்றைப்படை மடங்குகளில் மட்டும் அதிரும். முனைவரை செல்லும் கூம்பிலோ எல்லா மடங்குகளும் ஒத்துழைக்கும்.

“முனைவரை” என்பதில்தான் சிக்கல். உண்மையான சாக்ஸபோனுக்கு முனை கிடையாது. வாய் வைக்க இடம் வேண்டும் என்பதற்காகக் கூம்பின் நுனியை வெட்டிவிட்டுக் கழுத்தும் மவுத்பீஸும் பொருத்தியிருக்கிறார்கள். வெட்டிப்போன நுனிக்குள் எவ்வளவு காற்று இருந்திருக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு காற்றை மவுத்பீஸின் உள்ளறையும் ரீடும் சேர்ந்து ஈடுகட்டினால்தான் கீழ்ஸ்தாயியும் மேல்ஸ்தாயியும் ஒன்றோடொன்று சேரும். மூன்று, நான்கு டிகிரி மட்டுமே விரியும் இந்தக் கூம்பில், கழுத்தின் உள்விட்டம் மில்லிமீட்டரில் ஒரு பங்கு தவறினாலும் காதுக்குத் தெரிந்துவிடும். 1846-இல் பாரிஸில் இதற்குக் காப்புரிமை பெற்ற அடோல்ஃப் சாக்ஸ் காலத்திலிருந்து கைவினைஞர்கள் மோதிய இடம் இதுதான். போலி செய்பவர் வெளியே தெரியும் சாவிகளை நகல் எடுக்கிறார். உள்ளே தெரியாத விரிவை நகல் எடுக்க அவருக்குப் பொறுமையும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே செல்போனில் ஸ்ருதிமானி ஒன்றைத் திறந்துவைத்து, ஒரே விரல்வைப்பில் கீழும் மேலும் ஊதிப் பாருங்கள். நல்ல பழைய கருவியிலும் சில ஸ்வரம் விலகும். போலியிலோ விலகலே ஒழுங்கில்லாமல் இருக்கும்: ஒன்று ஏறும், அடுத்தது இறங்கும், உதட்டால் எப்படித் திருத்துவது என்று பழகவே முடியாது. கழுத்து மட்டும் வேறு கருவியிலிருந்து வந்திருந்தாலும் இதே குறை தலைகாட்டும்.

துளைகளின் விளிம்பையும் தடவிப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் எல்கார்ட் நகரத்து கான் நிறுவனம் பல ஆண்டுகள் விளிம்பை வெளிப்பக்கம் சுருட்டி விட்டது. செல்மர் குழலின் தகட்டையே இழுத்து நேராக எழுப்பியது. துண்டு வளையத்தை ஈயத்தால் பற்றவைத்தவர்களும் உண்டு. பெட்டியில் ஒரு பெயர் இருந்து, துளையில் இன்னொரு பழக்கம் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, போலியே இல்லாமல் கவிழ்க்கும் ஒரு பள்ளத்தைச் சொல்ல வேண்டும். 1920-கள் வரை அமெரிக்கப் பட்டறைகள் இரண்டு சுருதியில் சாக்ஸபோன் செய்தன. ஒன்று இன்றைய 440 ஹெர்ட்ஸை ஒட்டியது. மற்றொன்று பேண்டு வாத்தியங்களுக்கான உயர் சுருதி, சுமார் 457. வித்தியாசம் நான்கு விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. மவுத்பீஸை இழுத்துவிட்டால் சரியாகாதா? ஆகாது. ஆல்டோவின் அடி ஸ்வரத்துக்கு ஒலிக்கும் காற்றுத்தூண் சுமார் 120 செ.மீ.; அதைச் சரிக்கட்ட ஐந்து செ.மீ. நீட்ட வேண்டும். எல்லா விரலையும் எடுத்துவிட்டு ஊதும் ஸ்வரத்துக்குத் தூண் சுமார் 50 செ.மீ.; அதற்கு இரண்டு செ.மீ. போதும். ஒரே இழுப்பில் இரண்டையும் திருப்திப்படுத்த வழியில்லை. கருவி அசல், வயது நூறு, வேலைப்பாடு அபாரம், ஆனால் இன்றைய ஆர்மோனியத்தோடு சேரவே சேராது. கான் கருவிகளில் எண்ணுக்கு அடியில் ‘எல்’ என்ற எழுத்து இருந்தால் தாழ் சுருதி, ‘எச்’ இருந்தால் உயர் சுருதி. ப்யூஷர் நிறுவனம் தாழ் சுருதி என்பதைச் சொல்லாகவே பொறித்தது. அந்த ஓர் எழுத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

போலி என்று அவசரப்பட்டு ஒதுக்கிவிடக் கூடாதவையும் உண்டு. அமெரிக்காவுக்குப் போன மார்க் 6-கள் பெரும்பாலும் அங்கேதான் கோக்கப்பட்டுப் பொறிக்கப்பட்டன. அதனால் பாரிஸ் பொறிப்பும் எல்கார்ட் பொறிப்பும் வேறு வேறாக இருக்கும். பெரிய பட்டறைகள் கடைக்காரர்களின் பெயரைப் போட்டும் கருவி செய்து கொடுத்தன. நம் நாட்டில் மீரட் நகரம் தலைமுறைகளாகப் பேண்டு வாத்தியம் செய்கிறது. மீரட் பெயரோடு வரும் மீரட் கருவி நேர்மையான கருவி. அதே கருவியின் மேல் பாரிஸ் பெயர் ஏறும்போதுதான் குற்றம் தொடங்குகிறது.

பழைய சாக்ஸபோனின் நாதத்துக்குக் காரணம் போர்க்காலப் பீரங்கிக் குண்டுகளின் பித்தளை என்று ஒரு கதை விற்பனையாளர்களிடம் உலவுகிறது. நம்ப வேண்டாம். 1971-இல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் உள்வடிவம் ஒன்றேயான புல்லாங்குழல்களை வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் செய்து, திரைக்குப் பின்னால் வாசித்துக் காட்டினார். கேட்டவர்களால் பிரித்தறிய முடியவில்லை. சார்லி பார்க்கர் 1953-இல் டொரண்டோவின் மாஸி ஹாலில் வாசித்தது கிராஃப்டன் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக் ஆல்டோ. அந்த ஒலிப்பதிவு இன்றும் ஜாஸ் ரசிகர்களின் பொக்கிஷம். 1994-இல் லண்டனில் அந்தக் கருவி ஏலம் போனபோது கிடைத்த விலை 93,500 பவுண்டு. பிளாஸ்டிக்குக்கா அந்த விலை? யார் கையில், எந்த மேடையில் இருந்தது என்ற தடயத்துக்கு.

அந்தத் தடயம் நம்மிடம் மிகக் குறைவாக இருப்பதுதான் என் கவலை. கமகத்துக்காகச் சாவியைத் தளர்த்தியோ துளையை மூடும் பேடை மாற்றியோ வாசித்த கருவிகளைச் சேகரிப்பாளர்கள் ‘கெடுக்கப்பட்டவை’ என்று விலை குறைப்பார்கள். எனக்கு அவை தமிழ்நாட்டு இசை வரலாற்றின் ஆவணங்கள். யாரிடமாவது அப்படியொன்று இருந்தால், அடுத்த முறை பேடு மாற்றத் தடிகளைக் கழற்றும்போது, வலது கட்டைவிரல் கொக்கிக்குக் கீழே குழலின் பின்பக்கம் உள்ள எண்ணையும், கழுத்தையும், துளை விளிம்புகளையும் படம் எடுத்து, யாரிடம் எந்த ஆண்டு வாங்கியது, யார் என்ன மாற்றினார் என்று ஒரு தாளில் எழுதி, அதைப் பெட்டிக்குள்ளேயே போட்டுவையுங்கள்.