தலைக்கவசத்தின் உருவமும் பயனும்: கார்ட் பந்தயக் கவசம் முதல் மாத்தளை வீதி வரை

ஒரு பொருளின் உருவத்தை விளங்கிக்கொள்வதற்கு, அது எந்த அபாயத்துக்கு விடையாகத் தோன்றியது என்ற வினாவையே நாம் முதலில் எழுப்புதல் வேண்டும். மாத்தளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டங்களிற் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டும் பெண் தொழிலாளி, கயிற்றுக்கும் தலைக்கும் இடையே மடித்த துணியை வைத்துக்கொள்கிறாள். பாரம் ஓரிடத்தில் அழுந்தாது பரவ வேண்டும் என்பதே அதன் நோக்கம். பந்தயத் தலைக்கவசத்தின் அடிப்படைத் தத்துவமும் இதுவே. இலக்கிய மாணவருக்குத் தலைக்கவசத்தில் என்ன அக்கறை என வினவும் நண்பர்கள் உளர். உருவம், உள்ளடக்கம் பற்றிய விவாதம் கவிதையோடு முடிந்துவிடுவதன்று என்பதே எமது பதில்.

கார்ட் என்னும் சிறு பந்தய வண்டி 1956இல் கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவரால் உருவாக்கப்பட்டது. இலங்கையிற் பண்டாரகமையில் இதற்கென ஓடுபாதை உண்டு. ஓட்டுநர் தரைக்குச் சில அங்குலங்களே மேலே அமர்ந்திருப்பார். வண்டிக்கு அதிர்வு தாங்கிகள் இல்லை. பெரும்பாலான கார்ட்களில் இருக்கைப் பட்டியும் இல்லை. கவிழுமிடத்து ஓட்டுநர் வெளியே எறியப்படுவார். இந்நிலைமைகளே கவசத்தின் உறுப்புகளைத் தீர்மானிக்கின்றன.

வெளியோடு மோதலின் விசையைப் பரப்புகிறது; கூரிய பொருள் உட்புகாது தடுக்கிறது. உள்ளே உள்ள தடித்த படை, நாம் றெஜிபோம் என வழங்கும் பொருளின் இனத்தது. அது நசுங்குவதன் மூலமே தலை நிற்கும் நேரத்தை நீட்டி, மூளையைச் சென்றடையும் அதிர்வைக் குறைக்கிறது. ஒருமுறை நசுங்கிய படை மீள்வதில்லை. ஆகவே பலத்த மோதலுக்கு உள்ளான கவசம், வெளித்தோற்றத்திற் பழுதற்றதாயினும், பயன் தீர்ந்ததாகும். முன்வண்டி கிளப்பும் கற்களுக்கும் தூசுக்கும் முகக்கண்ணாடி. அது மங்கும்போது ஒவ்வொன்றாக உரித்தெறிய மென்படலங்கள். வியர்வைக்கும் மூச்சாவிக்கும் காற்றுத் துளைகள். நாடியின் கீழ் இரட்டை வளையத்திற் செருகி இறுக்கும் வார் இன்றேல், ஏனைய யாவும் முதல் மோதலிலேயே தலையைவிட்டுக் கழன்றுவிடும்.

1957இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட ஸ்னெல் நிறுவனத்தின் தரங்கள் இங்கு நோக்கற்பாலன. கார் பந்தயக் கவசத்துக்குத் தீயெதிர்ப்புச் சோதனை உண்டு. கார்ட் கவசத்துக்கு அது இல்லை. மோட்டார் சைக்கிள் கவசத்துக்கு அகன்ற பார்வைப் பரப்பு வேண்டும். கார்ட் கவசத்தில் அது குறுகியிருக்கலாம். காரணம் வெளிப்படை. ஓடுபாதையில் எல்லோரும் ஒரே திசையிற் செல்கின்றனர். நாவுல சந்தியிலோ பக்கவாட்டிலிருந்து முச்சக்கர வண்டி வரும். சிறுவர் ஓட்டுநருக்கென 2007இல் வந்த தனித்தரம் கவசத்தின் எடைக்கு வரம்பிட்டது. முதிராத கழுத்துக்கு எடையே ஓர் அபாயமாகலாம்.

இவ்வுறுப்புகளின் வரலாறு விளையாட்டோடு மட்டும் பிணைந்ததன்று. 1935இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த ரி. ஈ. லோரன்சுக்குச் சிகிச்சையளித்தோருள் ஒருவரான மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கேர்ன்ஸ், 1941இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். போர் தொடங்கிய முதல் 21 மாதங்களிற் பிரித்தானியாவில் 2,279 மோட்டார் சைக்கிள் ஓட்டுநரும் பின்னிருந்தோரும் வீதிகளில் இறந்தனர் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். இராணுவத்தின் தகவற் சேவை ஓட்டுநருக்குக் கவசம் கட்டாயமானது அதன் பின்னரே. படைவீரனின் உயிர் அரசுக்குத் தேவைப்பட்டபோதே அவனது தலையும் ஆய்வுக்குரியதாயிற்று எனலாம். முகம் முழுவதையும் மூடும் கவசத்தை டான் கேர்னி 1968இல் போர்மியூலா வண் பந்தயத்தில் அணிந்தார். பின்னர் அது வீதிக்கும் வந்தது.

எமது வீதிக்கு வருவோம். கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையான ஏ9, மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை வழியே செல்கிறது. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறியோடு விடியுமுன் செல்பவனுக்கு மோட்டார் சைக்கிள் தொழிற்கருவி. அவனுக்கு அந்நாடிக்காப்பு அவசியம். ஜெர்மனியில் ஹனோவரில் நடந்த விபத்தாய்வு, கவசத்தின் மீதான மோதல்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நாடி, தாடைப் பகுதியில் நிகழ்ந்ததைக் கண்டது. ஆயினும் 2015இல் இலங்கைப் பொலிசார், கொள்ளையர் முகத்தை மறைக்கின்றனர் என்ற காரணங்காட்டி, முழுமுகக் கவசத்தைத் தடைசெய்ய முற்பட்டனர். ஓட்டுநர்கள் எதிர்த்தனர், மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவின் மூலம் அதனை நிறுத்திவைத்தது. ஒரே உறுப்பு உழைப்பாளிக்குத் தாடையின் காப்பாகவும், அதிகார இயந்திரத்துக்கு அடையாளத்தின் மறைப்பாகவும் தோன்றியது. குற்றத்தைத் தடுக்கும் கடமையை நாம் மறுக்கவில்லை. அதன் விலை எவரது தாடையிலிருந்து அறவிடப்படுகிறது என்பதே எமது வினா.

சந்தையோ வேறொரு மயக்கத்தை விளைவிக்கிறது. பந்தயக் கவசத்தின் பின்புறத்துத் துடுப்பு அதிவேகத்திற் காற்றின் இழுப்பைச் சீராக்குவது. மலைப்பாதையில் முப்பது கிலோமீற்றரிற் செல்பவனுக்கு அதனால் எவ்விதப் பயனுமில்லை. எனினும் கடையில் விலையை உயர்த்துவது அத்துடுப்பும் வண்ணக் கோடுகளுமே. கண்ணுக்குப் புலப்படாத உட்படையன்று. பயன்பாட்டுப் பெறுமதி உள்ளே ஒளிந்திருக்க, பரிவர்த்தனைப் பெறுமதி வெளியே மினுங்குகிறது.

இலங்கைத் தரமான எஸ்.எல்.எஸ். 517 முத்திரை உள்ளதா, தலையை அசைத்தாற் கவசம் தளர்கிறதா, வார் பூட்டுகிறதா என வாங்குபவர் பார்க்கலாம். ஆனால் விழுந்து நசுங்கிய கவசத்தைக் கைவிட்டுப் புதியதை வாங்குவதற்கு நாட்கூலி இடங்கொடுப்பதில்லை. வெடித்த ஓட்டின்மேல் ஒட்டுநாடா சுற்றி, வாரைப் பூட்டாது தொங்கவிட்டு, பொலிசாரின் கண்ணுக்காக மட்டும் அணியப்படும் கவசங்களை மாத்தளை நகரில் எந்தக் காலையிலும் நாம் காணலாம்.