எட்டணா வாடகையில் எழுந்த டவுன் ஹால்... விக்டோரியா அரங்கின் கதை தெரியுமா?

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குப் பச்சையப்பன் பள்ளியைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அண்ணா படித்த பள்ளி. அதே பச்சையப்பர் பெயரில் சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள மண்டபத்தில், 1882-ல் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். பேச்சு ஒன்றுதான்: மெட்ராஸுக்கு ஒரு டவுன் ஹால் வேணும்.

அப்படி எழுந்ததுதான் சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நடுவே நிற்கும் சிவப்புக் கட்டடம், விக்டோரியா பொது அரங்கம்.

யார் கட்டினாங்க?

நன்கொடைதான் அடித்தளம். பெருந்தொகை கொடுத்தவர் விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி ராஜு. பீப்பிள்ஸ் பார்க்கில் 57 கிரவுண்டு நிலம், கிரவுண்டுக்கு எட்டணா வாடகையில், 1886-ல் 99 ஆண்டு குத்தகைக்குக் கிடைத்தது. ராபர்ட் சிஷோம் வரைந்து கொடுக்க, 1888 முதல் 1890 வரை கட்டி முடித்தவர் நம்பெருமாள் செட்டி. விக்டோரியா ராணியின் பொன்விழாவையொட்டி அவர் பெயரை வைத்தார்கள்.

உள்ளே என்ன நடந்தது?

பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை இங்கே நாடகம் போட்டது. சென்னையின் தொடக்ககாலத் திரைப்படக் காட்சிகளும் இங்கேதான். 1897-ல் விவேகானந்தர் பேசியதும் இந்த மேடையில்தான்.

அப்புறம் ஏன் பூட்டிக் கிடந்தது?

99 ஆண்டு குத்தகை 1985-ல் முடிந்தது. இடம் யாருக்கு என்ற வழக்கு இழுத்துக்கொண்டே போனது. மாநகராட்சி கைக்கு வந்த பிறகும், பக்கத்தில் மெட்ரோ ரயில் பணி குறுக்கிட்டது. முழுமையான சீரமைப்பு, சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தில் சுமார் 32 கோடி ரூபாய் மதிப்பில் 2023-ல்தான் தொடங்கியது.

சிமென்ட் பூசினா போதாதா?

போதாது. பழைய பட்டுச் சேலையின் கிழிசலை நைலான் நூலால் தைத்துப் பாருங்கள். தையல் நிற்கும், பட்டு பக்கத்தில் கிழியும். பழைய செங்கல்லும் அப்படித்தான். சுவருக்குள் ஏறும் ஈரம் சுண்ணாம்புக் காரை வழியாக வெளியேறிவிடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கி, செங்கல் பொடிந்து உதிரும். அதனால்தான் பாரம்பரியக் கட்டடங்களில் சுண்ணாம்பையே தேடிப் போகிறார்கள்.

இதில் நமக்கு என்ன?

காஞ்சியிலும் பழைய சத்திரங்கள், திண்ணை வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீட்டுச் சுவர் உதிர்ந்தால், சிமென்ட் மூட்டை வாங்கும் முன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரை ஒருமுறை கேளுங்கள். இன்னொன்று, பூட்டி வைக்காதீர்கள். ஆள் புழங்கும் வீட்டில்தான் ஒழுகல் முதல் மழையிலேயே கண்ணில் படும்.