ஓட்டுப் போட்ட பிறகு

2025 மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல் நடந்தது. அடுத்த மாதம் இரத்தினபுரி மாவட்டத் தோட்டமொன்றுக்குப் போயிருந்தேன். இறப்பர் பால் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பிய அக்கா ஒருவர் கேட்டார்: "ஓட்டுப் போட்டாச்சு மிஸ். இந்த ரோட்டு எப்ப சரியாகும்?"

நியாயமான கேள்வி. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம், சபைப் பணத்தைத் தோட்டங்களில் செலவிடத் தடையாக இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. ஆகவே இன்று பாதை கேட்பது பிச்சையல்ல, உரிமை.

ஆனால் சகோதரிகளே, ஆட்சி மாறினால் வீடு தானாக மாறிவிடாது. பிள்ளை தவறாமல் பாடசாலை போவதும், சம்பளம் சாராயக் கடைக்குப் போகாமல் வீடு வந்து சேர்வதும், சீட்டுக் கணக்கு நேர்மையாக இருப்பதும் எந்த அரசாங்கமும் செய்து தருபவையல்ல. 1977 வன்செயலில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய், யுத்தத்தில் மறுபடியும் எல்லாம் இழந்த குடும்பங்களுக்கு இது தெரியும். நிவாரணம் வரும் முன்னே கைகொடுத்தவர்கள் உறவும் அயலும்தான்.

அன்று மாலை ஐந்து பெண்கள் கூடி, பிரதேச சபைக்குக் கடிதம் எழுதினோம். பிரதியை அக்கா பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு பத்திரப்படுத்தினார்.

நீங்களும் எழுதுங்கள். திகதியிட்டுப் பிரதியொன்று வைத்திருங்கள். அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருபவரிடம் முதலில் அதைக் காட்டுங்கள்.